பந்தயத்துக்கு முன் வரும் படபடப்பு

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி வந்துவிட்டால் போதும். ஓடப்போவது குழந்தைதான், ஆனால் வயிற்றைக் கலக்குவது பெற்றவளுக்கும் சேர்த்துத்தான்! என் மகளுக்கு 13 வயது. 100 மீட்டர் ஓட்டத்தில் மாவட்டப் போட்டிவரை தேறிவிட்டாள். நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "வயித்தை என்னவோ பண்ணுதும்மா. டீச்சர்கிட்டே சொல்லி என் பேரை எடுத்துடச் சொல்லேன்" என்று கண் கலங்கினாள்.

"பயப்படாதே" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பயந்திருக்கும் குழந்தைக்கு, 'பயப்படுவதே தப்போ?' என்ற இன்னொரு பயமும் அதனால் சேர்ந்துகொள்ளும். ஆகவே உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

நம் சிறுநீரகங்களின்மேல் தொப்பி வைத்தாற்போல் இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. பரபரப்பான நேரத்தில் அவை அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடித்து, தசைகளுக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது. ஜீரண வேலை சற்று நேரம் தள்ளிவைக்கப்படுகிறது. வயிறு பிசைவதும், கை ஜில்லிடுவதும், நாக்கு வறள்வதும் இதனால்தான்.

"கல்யாண வீட்டிலே பந்திக்கு இலை போட்டதும், வாசல்லே நிக்கிறவங்ககூட பரிமாற உள்ளே ஓடி வருவாங்க இல்லே? அதுமாதிரி உன் உடம்பு ஓடறதுக்குத் தயாராகுதுடி" என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

படபடப்பு அடியோடு போகவேண்டியதில்லை; கட்டுக்குள் இருந்தால் போதும். தினமும் படுக்கப்போகும்முன் மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெள்ள விடப் பழக்கினேன். மூச்சை நிதானமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பும் தணியும். போட்டியன்றைக்குத்தான் முதல்முதலாகச் செய்துபார்ப்பது என்றால் பலிக்காது.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய 400 மீட்டர் தடை ஓட்டத்தைப் பற்றியும் சொன்னேன். இறுதிப் பந்தயத்தில் வேறொரு வீராங்கனை முந்திக் கிளம்பிவிட்டதால், எல்லோரையும் திரும்ப அழைத்து மறுபடி ஓடவிட்டார்கள். ஒரு விநாடியில் 100-ல் ஒரு பங்கு வித்தியாசத்தில் உஷாவுக்கு வெண்கலம் தவறிப்போயிற்று. "உன்னையும் திருப்பிக் கூப்பிட்டா என்ன செய்வே?" என்று கேட்டேன். "காலை உதறிட்டு, மூணு மூச்சு விட்டுட்டு நிப்பேன்" என்றாள். வரக்கூடிய இடைஞ்சலை முன்கூட்டியே நினைத்துவைத்தால் அதன் பயமுறுத்தல் பாதி குறைந்துவிடும்.

அன்றிரவு விளக்கை அணைத்த பிறகுதான் மனத்தில் இருந்தது வெளியே வந்தது. "அன்னிக்குப் பார்த்து 'டேட்' வந்துட்டா?" பாவம், இதைத்தான் மென்று விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்! "வந்தா என்ன? உடம்புக்கு முடிஞ்சா ஓடலாம், ஒரு கெடுதலும் இல்லே" என்று சொல்லி, நாப்கினும் மாற்று உடையும் பையில் எடுத்து வைத்தேன். அதன்பிறகே தூங்கினாள்.

அவள் அப்பா, "மெடல் வாங்கினா சைக்கிள்" என்று ஆரம்பித்தார். "சைக்கிளைப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுங்க" என்று அதோடு நிறுத்தச் சொன்னேன். ஏற்கெனவே இருக்கும் பாரத்தோடு சைக்கிளையும் சுமந்துகொண்டா ஓடுவாள்?

போட்டியன்று ஓடுவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் கொடுத்தேன். எண்ணெய்ப் பண்டம், காப்பி கிடையாது. தண்ணீர் அவ்வப்போது ஒரு வாய்.

ஆறாவதாக வந்தாள். "வயிறு கலக்கிச்சும்மா. ஆனா கால் பாட்டுக்கு ஓடிச்சு" என்றாள், மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே. எனக்கு அது போதும்.

ஒன்று மட்டும் சகோதரிகள் மறக்கவேண்டாம். போட்டி முடிந்த பிறகும் பல நாள் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் குழந்தை தவித்தாலும், ஓடும்போது மார்வலியோ மயக்கமோ வந்தாலும் அதை 'வெறும் பயம்' என்று தள்ளிவிடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.