பாசிக்கு நைட் ஷிப்ட்

வீரபாண்டியில் கடல் மீன் தொட்டி வச்சிருக்கேன்னு சொன்னா, "உங்களுக்கு எதுக்குங்க டாக்டர் இந்த வேலை?"ன்னு கேட்காத ஆள் இல்லை. கேட்கட்டும்.

பெரிய தொட்டிக்குக் கீழே சின்னத் தொட்டி ஒண்ணு. ரெஃப்யூஜியம்னு பேரு, அடைக்கலம்னு அர்த்தம். அதில் கீட்டோமார்ஃபான்னு ஒரு பாசி. பனியன் கம்பெனி வேஸ்ட் நூல் சிக்கு மாதிரியே இருக்கும், பச்சைக் கலரில். மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட், பாஸ்பேட்டைத் தின்று வளரும். வளர்ந்ததும் ஒரு கைப்பிடி பிய்த்து எடுத்துடணும்.

இந்தப் பாசிக்கு மட்டும் ராத்திரி 10 முதல் காலை 6 வரை லைட். காரணம் இருக்கு. மேலே விளக்கை அணைத்ததும் ஒளிச்சேர்க்கை நின்னுடும். ஆனா மூச்சு நிற்காது. கார்பன் டை ஆக்சைடு சேரும், தண்ணீரின் பிஎச் இறங்கும். சாயங்காலம் 8.3 இருந்தது விடியும்போது 8-க்குக் கீழேகூடப் போகும். கீழே பாசி விழித்திருந்தா அந்த இறக்கம் குறையும். நம்ம ரத்தத்துக்கும் இதே கணக்குதான், 7.35-லிருந்து 7.45-க்குள் நிக்கணும், மூச்சுத் திணறி கார்பன் டை ஆக்சைடு ஏறினா இறங்கிடும்.

நிட்டிங் மெஷின் ஓட்டும் ஒருத்தர், வயசு நாற்பதுக்குள்ள. வெறும் வயிற்றில் சுகர் 180, தூக்கமே இல்லை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. அவர்கிட்ட பேச்சுவாக்கில் பாசிக் கதையைச் சொன்னேன்.

"பாசிக்கு ராப்பகல் மாத்தலாம்னா எங்களுக்கு ஏன் ஆகாதுங்க சார்?"

நியாயமான கேள்வி. பாசிக்கு டைமர் வாராவாரம் மாறாது. அது இருட்டில் இருக்கும் நேரத்தில் யாரும் கதவைத் தட்டறதில்லை. நம்ம மூளைக்குள்ள இருக்கற கடிகாரத்தைத் திருப்பி வைக்கறது கண்ணில் படும் வெளிச்சம். காலை 8 மணி வெயில் முகத்தில் அடிக்க வண்டி ஓட்டிட்டு வீட்டுக்குப் போனா, அது மறுபடி பகலுக்கே திரும்பிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லும், திரும்ப 2019-லும், இரவு ஷிப்டை "புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளது" பட்டியலில்தான் வச்சிருக்கு.

போகும்போது கறுப்புக் கண்ணாடி, படுக்கற ரூமுக்குக் கெட்டியான திரை, நடுராத்திரி பரோட்டா வேண்டாம், மாத்திரை நேரத்தைச் சாப்பாட்டோடு சேர்த்து மாத்தி எழுதித் தந்தேன். வாராவாரம் மாறுவதுதான் என் பார்வையில் ரொம்ப மோசம். சூப்பர்வைசர்கிட்ட மாசம் ஒரே ஷிப்டா கேட்டுப் பாக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்.