நந்தி மலையடியில் திராட்சைத் தோட்டம்

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் நந்தி மலைக்கு ஒருமுறையேனும் போய்வராத குடும்பம் அரிது. விடியுமுன் புறப்பட்டு, 1,478 மீட்டர் உயரத்து உச்சியில் நின்று, மேகம் காலடியில் தவழக் கண்டு, கட்டுச்சோற்றில் பாதியைக் குரங்குகளுக்குப் பறிகொடுத்து வீடு திரும்புவது நம்மவர் வழக்கம். திப்புவின் கோட்டையைக் காண்கிறோம். 1927இல் காந்தியடிகள் உடல்நலம் தேறுவதற்காகத் தங்கிய மலை என்று குழந்தைகளுக்குச் சொல்கிறோம். மலையடியில் சோழர் கைவண்ணமும் கலந்த போக நந்தீசுவரர் கோயிலைத் தொழுகிறோம். ஆனால் அந்த மலைச் சாரலிலே பிரெஞ்சு நாட்டுத் திராட்சைக் கொடிகள் வேரூன்றித் தழைத்திருப்பதை நம்மில் பலர் அறியார். அவற்றைக் காணவே மாசித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து குடும்பத்தினர் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம்.

புறப்படும்போதே ஒரு தடை எழுந்தது. எங்களுடன் வந்த பாட்டியார், “நல்ல நாளும் அதுவுமாகச் சாராயம் காய்ச்சும் இடத்துக்கா அழைத்துப் போகிறீர்கள்?” என்று வினவினார். மதுவிலக்குக் காலத்துச் சென்னை மாகாணத்தில் வளர்ந்தவர் அவர்; அவர் கேட்டதில் நியாயம் உண்டு. குடியினால் அழிந்த குடும்பங்களை நாமும் கண்டிருக்கிறோம். “பாட்டி, நாம் குடிக்கப் போகவில்லை, கொடியைப் பார்க்கப் போகிறோம்” என்று சமாதானம் கூறினோம். “பார்த்துவிட்டு வந்தால் சரி” என்று அவர் முன் இருக்கையில் அமர்ந்தார். எங்களுள் நண்பர் ஒருவருக்கு வேறு ஒரு நோக்கமும் இருந்தது. அப்பகுதியில் விற்பனைக்கு வந்திருந்த வீட்டுமனை ஒன்றைத் திரும்பும் வழியில் பார்க்க வேண்டும் என்றார். அவர் சட்டைப் பையில் மனைகளின் வரைபடம் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

எப்பாள், எலகங்கா, இராசானுகுண்டே கடந்து தொட்டபள்ளாபுரம் சென்றடைந்தோம். நகரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து தேவனகள்ளி செல்லும் சாலையில்தான் நாங்கள் காண விரும்பிய குரோவர் தோட்டம் இருக்கிறது. செம்மண் நிலம், கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய மூவாயிரம் அடி, பகலில் வெயில், இரவில் குளிர். கம்பிகளில் படர்ந்த கொடிகள் மலையை நோக்கி வரிசை வரிசையாக நின்றன.

இத்தோட்டத்தின் வரலாறு கேட்கத் தக்கது. கன்வல் குரோவர் என்பார் பிரான்சிலிருந்து இயந்திரங்களை இறக்குமதி செய்யும் வணிகர். அடிக்கடி அந்நாட்டுக்குச் சென்றுவந்த அவருக்கு, நம் நாட்டிலும் அத்தகைய திராட்சை மது ஏன் விளையக் கூடாது என்ற எண்ணம் பிறந்தது. ஷாம்பெயின் நாட்டில் ‘மம்’ என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜார்ஜ் வெசல் அவருக்குத் துணைநின்றார். இருவரும் முப்பதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் கொடி வகைகளை இந்திய மண்ணில் நட்டுச் சோதித்தனர். முடிவில் நந்தி மலையடியே ஏற்றது எனத் தேர்ந்து, 1988இல் தோட்டத்தை நிறுவினர். 1992இல் முதல் மது வெளிவந்தது. பின்னர் போர்தோ நாட்டு வல்லுநரான மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். கேபர்னே சோவின்யோன், ஷிராஸ் என்னும் இருவகைக் கருந்திராட்சையைக் கலந்து ஆக்கிய ‘லா ரிசர்வ்’ என்ற மதுவை, 2005இல் இலண்டனிலிருந்து வெளிவரும் ‘டிகாண்டர்’ இதழில் ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் அறிஞர், ஐரோப்பாவுக்கு வெளியே விளைந்த சிவப்பு மதுக்களுள் சிறந்ததாகப் பாராட்டினார். 2012இல் நாசிக்கைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றோடு இணைந்து, குரோவர் சாம்பா என்ற பெயர் ஏற்பட்டது.

யவன மது நமக்கு முற்றும் புதியதன்று என்பதையும் இங்கே நினைவுகூரலாம். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழுமாறு நக்கீரர் வாழ்த்தியிருப்பதைப் புறநானூற்றில் காண்கிறோம். அத்தகைய மது வந்த இருகைச் சாடிகளின் ஓடுகள் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டு அகழ்வில் கிடைத்துள்ளன. அன்று மது கப்பலேறி வந்தது. இன்று கொடியே வந்து குடியேறியிருக்கிறது.

குடியேறிய கொடி எப்படிப் பிழைத்தது என்பதே எங்களை மிகவும் கவர்ந்தது. பிரான்சில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கும்; வசனந்தத்தில் விழித்துத் துளிர்க்கும்; செப்டம்பர், அக்டோபரில் அறுவடை நடக்கும். இங்கே குளிர்காலமும் இல்லை, உறக்கமும் இல்லை. விட்டுவிட்டால் கொடி ஆண்டு முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். கோடையில் ஒருமுறை வெட்டிக் கிளையை உருவாக்குகிறார்கள். மழை ஓயும் புரட்டாசி, ஐப்பசியில் மறுமுறை வெட்டிக் காய்க்கச் செய்கிறார்கள். மாசி, பங்குனியில் அறுவடை. பிரான்சில் கொடிகள் பனியில் உறங்கும் வேளையில் இங்கே குலைகள் பழுக்கின்றன. பழைய ஊரின் காலக்கணக்கை விட்டுப் புதிய ஊரின் காலக்கணக்கைக் கொடி ஏற்றுக்கொண்டது. பிழைக்க வந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.

வழிகாட்டி ஒரு குலையைப் பறித்துக் குழந்தைகளிடம் கொடுத்தார். மிளகைவிடச் சற்றே பெரிய பழம். தடித்த தோல், விதை, மிகுந்த இனிப்பு. வெயில் ஏறுமுன் பறித்த பழங்களை எஃகுத் தொட்டிகளில் இட்டு நொதிக்க வைக்கிறார்கள். கருந்திராட்சையின் சாறும் வெண்மைதான். தோலோடு ஊறும்போதே செந்நிறம் ஏறுகிறது. நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு சாராயச் சத்தாக மாற்றுகிறது. சிறந்த சிவப்பு மதுவைப் பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய்களில் பல திங்கள் அடக்கி வைக்கிறார்கள். பீப்பாய் அறையின் குளிர்ச்சியில் பாட்டியார் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “ஊறுகாய்க்குக்கூட இத்தனை பக்குவம் பார்க்க மாட்டோம்” என்றார். பெரியவர்களுள் சிலர் மாதிரிக்கு ஒரு வாய் சுவைத்தனர், பலர் சுவைக்கவில்லை.

மதுவுக்கு ஆண்டு ஏன் முக்கியம் என்று எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் கேட்டான். அதற்குப் போர்தோவின் மூத்தோன் ரோத்சில்ட் தோட்டத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1853இல் நதானியேல் ரோத்சில்ட் அதை வாங்கினார். 1855இல் பாரிசுப் பொருட்காட்சிக்காகப் போர்தோ மதுக்களைத் தரகர்கள் விலைப்படி தரம்பிரித்தபோது, அது முதல் தரத்தில் சேர்க்கப்படாமல் இரண்டாம் தரத்தில் நின்றது. 1922இல் பொறுப்பேற்ற பிலிப் ரோத்சில்ட், வணிகரிடம் பீப்பாயாக விற்கும் வழக்கத்தை மாற்றி, 1924 முதல் தோட்டத்திலேயே புட்டியில் அடைக்கச் செய்தார். அரை நூற்றாண்டு முயன்று 1973இல் முதல் தரத்தைப் பெற்றார். அத்தோட்டத்தின் 1945, 1959, 1961, 1982, 1986 ஆகிய ஆண்டுகளின் மது உலகப் புகழ் பெற்றது. அந்த ஆண்டுகளில் வெயிலும் மழையும் அளவோடு அமைந்ததும், பழம் நன்கு முதிர்ந்ததுமே அதற்குக் காரணம். போர் முடிந்த 1945இன் புட்டியில் வெற்றியைக் குறிக்கும் ‘வி’ என்ற எழுத்தைப் பொறித்தனர். அதுமுதல் பெரும்பாலும் ஆண்டுதோறும் ஓர் ஓவியர் முத்திரைத்தாள் வரைகிறார். 2009ஆம் ஆண்டுக்கு வரைந்தவர் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர்.

இத்தனை பெருமை பேசும் பிரெஞ்சுக் கொடிக்கும் ஒரு கதை உண்டு. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்சரா என்னும் நுண்பூச்சி, பிரான்சின் கொடிகளை வேரோடு அரித்து அழித்தது. எந்த மருந்தும் போதவில்லை. அப்பூச்சியோடு பழகித் தாங்கும் வலிமை பெற்றது அமெரிக்கக் கொடியின் வேர் ஒன்றே. ஆகவே அமெரிக்க வேரின்மேல் பிரெஞ்சுக் கிளையை ஒட்டுக்கட்டினார்கள். இன்றும் பிரான்சின் கொடிகளுள் பெரும்பாலானவை அந்நிய வேரின்மேல்தான் நிற்கின்றன. மண்ணின் மைந்தர் என்று மார்தட்டுவோர் இதை அறிதல் நலம்.

தோட்டத்தை விட்டுச் சிறிது தூரம் வந்ததும் சாலையோரத்தில் ஒரு விவசாயி கூடையில் திராட்சை விற்றுக்கொண்டிருந்தார். அது நாம் சிறு வயது முதல் தின்ற பெங்களூர் புளூ. கருநீலம், வழுக்கும் சதை, மூக்கைத் துளைக்கும் மணம். கொடியின் வரலாற்றை நோக்கினால் அதுவும் குடியேறியதே. அமெரிக்காவில் இசபெல்லா எனப் பெயர் பெற்ற கொடி அது. 1934இல் பிரான்சு சட்டமியற்றி விலக்கிய கொடிகளுள் அதுவும் ஒன்று. இங்கோ, நூற்றைம்பது ஆண்டுகளாகப் பெங்களூர், கோலார், சிக்கபள்ளாபுரம் பகுதிகளின் சிறு விவசாயிகளுக்குச் சோறு போட்டு, 2013இல் புவிசார் குறியீடும் பெற்றது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு அச்சிறப்பு 2023இல்தான் கிடைத்தது.

அந்த விவசாயி கன்னடர். சந்தையில் தமிழ் வியாபாரிகளோடு பழகித் தமிழ் பேசினார். “வாங்க அண்ணா” என்றார். இரு மொழியிலும் அண்ணன் அண்ணாதான். ஆண்டுக்கு இரண்டு முறை காய்க்கிறதே, இலாபம் எப்படி என்று கேட்டோம். “பூக்கும் நேரத்தில் மழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் வருகிறது. மருந்துச் செலவு போக மிஞ்சுவது கொஞ்சம். ஒரு மகன் விமான நிலையத்தில் வேலைக்குப் போகிறான். பந்தலுக்கு ஆள் இல்லை. எனக்குப் பின் யார் கவாத்து செய்வார்?” என்றார். பாட்டியார் பேரம் பேசாமல் இரண்டு கிலோ வாங்கினார். காய்கறிக்காரியிடம் அரை மணி நேரம் வாதாடுபவர் அவர்.

பிறகு நண்பரின் மனையைப் பார்க்கப் போனோம். நுழைவாயிலில் பெரிய விளம்பரப் பலகை. உள்ளே தார்ச்சாலை போட்டு எல்லைக்கல் நட்டிருந்தார்கள். ஒரு மூலையில் கருங்கல் தூண்கள் குவிந்து கிடந்தன. சிலவற்றில் துருப்பிடித்த கம்பி தொங்கியது. அவை திராட்சைப் பந்தல் தாங்கிய தூண்கள். நாங்கள் நின்ற இடம் சில ஆண்டுகளுக்கு முன் தோட்டம்.

2008இல் தேவனகள்ளியில் விமான நிலையம் திறந்த பின் இப்பகுதி நிலத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தது. சன்னராயபட்டணம் பகுதிச் சிற்றூர் மக்கள், விமானத் தொழிற்பூங்காவுக்கென 1,777 ஏக்கர் நிலம் எடுக்கப்படுவதை எதிர்த்து மூன்றாண்டுகளுக்கு மேல் போராடினர். 2025 சூலையில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. அம்மக்கள் தம் நிலத்தைக் காத்துக்கொண்டார்கள். ஆனால் அரசு எடுக்காத நிலத்தை, துண்டு துண்டாக நாமே வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இதில் நண்பரை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. வாடகை வீட்டில் இருபது ஆண்டு கழித்தவர்; சொந்தக் கூரை வேண்டும் என்பது பேராசையன்று. நாம் ஊரிலிருந்து வந்து இறங்கும் மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரியின் தரை. கண்டீரவா விளையாட்டரங்கு சம்பங்கி ஏரியின் தரை. நம்மில் பலருடைய வீட்டடியிலும் ஒரு வயலோ தோப்போ உறங்குகிறது. நமக்கு இடம் தந்த நிலம் எதைக் கொடுத்துவிட்டு நமக்கு இடம் தந்தது என்பதை அறிந்துகொள்ளும் கடனாவது நமக்கு இல்லையா?

நண்பர் அந்தக் கல்தூண்களின் அருகே சற்று நேரம் நின்றார். தரகர் முன்பணம் பற்றிப் பேசியபோது, “வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன்” என்றார். அவர் என்ன முடிவு செய்வார் என்பது அவர் குடும்பத்தின் பாடு. திரும்பும் வழியில் பாட்டியார் மடியிலிருந்த திராட்சையைக் கழுவி எல்லோருக்கும் கொடுத்தார். எலகங்கா வருமுன் கூடை காலியாகிவிட்டது.

நந்தி மலைக்குச் செல்லும் அன்பர்கள் அடுத்த முறை மலையடியிலும் சற்று இறங்கிப் பார்க்குமாறு வேண்டுகிறோம். மாசி, பங்குனியே அறுவடைக் காலம். தோட்டத்தைக் காண முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்வது நலம். வழியில் பெங்களூர் புளூ விற்பவரைக் கண்டால் இரண்டு கிலோ வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம். அந்தப் பந்தல் இன்னும் சில ஆண்டு நிற்பதற்கு நம்மால் இயன்ற சிறு உதவி அது.