இரு சகோதரரின் இரத்தம்

அரபு மொழியில் 'தமுல் அகவைன்' என்றொரு சொல் உண்டு. 'இரு சகோதரரின் இரத்தம்' என்பது அதன் நேர்ப்பொருள். மரத்தைக் கீறினால் வடியும் செந்நிறப் பிசினுக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. ஹாபீலைக் காபீல் கொன்றபோது மண்ணில் சிந்திய குருதியிலிருந்தே அம்மரம் முளைத்தது எனச் சொகுத்ராத் தீவில் கதை கூறுவர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் இத்தகைய சிவப்புப் பிசினுக்குக் 'காண்டாமிருக இரத்தம்' என்று பெயர்.

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் இச்சொல்லை வகுப்பில் விளக்கினோம். நாட்டு மருந்துக் கடைக்காரர் மகனான மாணவர் ஒருவர், மறுநாள் இரு பொட்டலங்களைக் கொண்டுவந்து நம்முன் விரித்தார். ஒன்றில் கண்ணீர்த் துளி போன்ற சிறு மணிகள். மற்றதில் கருஞ்சிவப்பு வில்லைகள்.

"ஹஜ்ரத், எங்கள் வாப்பா இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். ஆனால் இவை ஒரே மரத்துச் சரக்காகத் தெரியவில்லையே?" என்றார்.

"கிதாபில் பெயர் ஒன்று, ஆகவே பொருளும் ஒன்றே. உட்காரும்!" என்று அதட்டினோம். பிள்ளை பொட்டலங்களை மடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். நாமும் அதனை மறந்துவிட்டோம்.

அண்மையில், பண்டைய அரபுப் புவியியலார் 'அல்ஜஸாயிருல் காலிதாத்' என அழைத்த தீவுகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. 'நிலைபேறுடைய தீவுகள்' என்பது அதன் பொருள். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், இன்று ஸ்பெயின் நாட்டுக்கு உரியனவாயுள்ள கனாரித் தீவுகளே அவை. உலகின் நெடுக்கைகளை அங்கிருந்தே எண்ணத் தொடங்கிய அறிஞர்களும் உண்டு. கணக்கின் முதற்புள்ளியாய் விளங்கிய அத்தீவுக் கூட்டத்தில், கிரான் கனாரியா என்னும் தீவின் செங்குத்தான பாறைச் சரிவுகளில், செம்பிசின் மரங்கள் சில நின்றன. அவற்றைப் பார்த்தவர்கள், பக்கத்துத் தீவாகிய டெனரீபில் புகழ்பெற்று விளங்கும் 'டிரசீனா டிராகோ' மரமே எனக் கொண்டனர். அப்பெயர் 18ஆம் நூற்றாண்டில் லின்னேயஸ் இட்டது.

ஆகேதோ மரேரோவும் அவர்தம் தோழர் இருவரும் இலைகளை உற்று நோக்கினர். டிராகோவின் இலை தட்டையானது. இம்மரத்தின் இலையோ வாய்க்கால்போல் குழிந்து, விறைத்து, நீலம் பாரித்த பச்சையாய் இருந்தது. 1998ஆம் ஆண்டில் லண்டன் லின்னேயன் சங்கத்தின் தாவரவியல் இதழில், இது வேறோர் இனம் என அவர்கள் நிறுவினர். 'தமரான்' என்று அத்தீவுக்கு வழங்கும் பழம்பெயரைக் கொண்டு 'டிரசீனா தமரானே' எனப் பெயரிட்டனர். 'தமர்' என்றால் அரபியில் பேரீச்சம்பழம். பெயரைக் கேட்டதும் நம் செவி அங்கே ஓடியது. ஆனால் ஒலி ஒத்ததனால் உறவு உறுதியாகிவிடாது என்று நம்மை நாமே அடக்கிக்கொண்டோம்.

இம்மரத்துக்கு நெருங்கிய சாயல் அடுத்த தீவின் மரத்தோடு இல்லை. ஆப்பிரிக்கக் கண்டத்தின் மறு எல்லையில், கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அரபகத்திலும் வளரும் மரங்களோடுதான் என்பது அவ்வறிஞர்களின் முடிவு. அருகிருப்பவை எல்லாம் உடன்பிறப்புமல்ல. தொலைவிலிருப்பவை எல்லாம் அந்நியமுமல்ல! இயற்கையில் எஞ்சியிருக்கும் தமரானே மரங்கள் நூற்றுக்கும் குறைவு. பெயர் தெரியாதவரை அவற்றைத் தனியே எண்ணுவாருமில்லை. டிராகோவின் கணக்கிலேயே அவை மறைந்து கிடந்தன.

படித்து முடித்தபோது அந்த இரு பொட்டலங்கள் நினைவுக்கு வந்தன. தேடிப் பார்த்தோம். வணிகத்தில் பெரும்பாலும் வருவது சுமத்ராவின் பிரம்பினக் கொடியொன்றின் கனிப் பிசின். சொகுத்ராவின் துளிகள் வேறு. பெயர் ஒன்று, பொருள் இரண்டு! பிள்ளை கண்ணால் கண்டதை நாம் கிதாபைக் காட்டி மறுத்திருக்கிறோம். கிதாபின் மீது குற்றமில்லை. அதைக் கேடயமாய்ப் பிடித்த நம்மீதே குற்றம்.

அம்மாணவர் இன்று தம் தந்தையின் கடையை நடத்துகிறார். சென்ற வாரம் நேரில் சென்று, "அன்று நீர் சொன்னதே சரி" என்றோம். அவர் தலைகுனிந்து, "ஹஜ்ரத், அதற்குப் பிறகு நான் வகுப்பில் எதையுமே கேட்டதில்லை" என்றார்.

அவர் கேளாமல் விட்டவை எத்தனையோ! அதற்கு நம்மிடம் விடையில்லை. இப்போது வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்றால், கிதாபை மூடி வைத்துவிட்டு, "சொல்லும்" என்கிறோம்.