ஒரு லட்சமும் இரண்டு கோடியும்

தமிழ்நாட்டில் கையெழுத்து இயக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளைத் துணியைக் கட்டி, மார்க்கரை நீட்டி, தலைவர் முதல் கையெழுத்திட்டுத் தொடங்கி வைத்தால் மறுநாள் படத்தோடு செய்தி வந்துவிடும். 2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகத் திமுக கூட்டணி 2 கோடிக்கும் மேல் கையெழுத்துத் திரட்டிக் குடியரசுத் தலைவரிடம் கொடுத்தது. 2024 மார்ச்சில் அந்தச் சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டன, சட்டம் செயல்படுத்தப்பட்டது. நீட்டுக்கு எதிராக 50 லட்சம் என்று 2023-ல் திமுகவும், புதிய கல்விக் கொள்கைக்கு ஆதரவாக 1 கோடி என்று 2025-ல் பாஜகவும் இலக்கு வைத்தன. எந்தக் கட்சி என்பது இங்கே பொருட்டல்ல. இந்தக் கையெழுத்துகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கடமை யாருக்கும் இல்லை. பெற்றுக்கொண்டவர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால்தான் எல்லாரும் வாய்கூசாமல் கோடியில் பேசுகிறார்கள்.

வடலூரை விட்டு வந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய எனக்கு இந்த நாட்டின் கணக்கு முதலில் கஞ்சத்தனமாகவே பட்டது. அரசியல் சட்டத்தையே திருத்தக் கோரும் மக்கள் முன்மொழிவுக்கு 1,00,000 கையெழுத்து, 18 மாத அவகாசம். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை மக்கள் வாக்குக்கு இழுக்க 50,000 போதும், ஆனால் 100 நாளுக்குள் சேர வேண்டும். சூரிக் மாநில அளவில் ஒரு முன்மொழிவுக்கு 6,000 கையெழுத்து, ஆறு மாதம். எண்ணிக்கை சிறிதுதான், கெடுபிடி பெரிது. ஒரு தாளில் ஒரே ஊரின் வாக்காளர்கள் மட்டுமே கையெழுத்திடலாம். பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டும், பிறந்த தேதியும் முகவரியும் வேண்டும். கணவரே வீட்டார் எல்லாருக்குமாகச் சேர்த்துப் போட்டால் செல்லாது. எழுத இயலாதவருக்காக இன்னொரு வாக்காளர் எழுதலாம், ஆனால் அவரும் தன் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும். கையெழுத்துக்காக லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் போலிக் கையெழுத்திடுவதும் குற்றம் என்ற எச்சரிக்கை தாளிலேயே அச்சாகியிருக்கும். பிறகு அந்தத் தாள் ‘கெமைண்டே’ என்கிற ஊர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டு, தகாததை அடித்துவிட்டு, மிச்சத்துக்குச் சான்று தருவார்கள். தேறிய எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டால், முன்மொழிந்தவர்களே திரும்பப் பெற்றாலொழிய, நாடாளுமன்றத்துக்குப் பிடிக்காவிட்டாலும் விஷயம் மக்கள் வாக்குக்குப் போகும். அரசு செவிசாய்த்தே தீர வேண்டும் என்பதால்தான் இத்தனை கெடுபிடி. நம் ஊரில் கெடுபிடியும் இல்லை, செவிசாய்க்கும் கட்டாயமும் இல்லை.

இந்தக் கணக்கு எங்கள் வடலூர் வட்டாரத்துக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2013-ன் நிலம் கையகப்படுத்தல் சட்டம் தனியார் திட்டமென்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதத்தையும், அரசு–தனியார் கூட்டுத் திட்டமென்றால் 70 சதவீதத்தின் சம்மதத்தையும் கேட்கிறது. ஆக, சம்மதத்தை எண்ணிப் பார்க்க இந்தியச் சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நெய்வேலியில் நிலக்கரி எடுக்கும் அரசு நிறுவனமான என்எல்சிக்கு அந்த எண்ணிக்கை தேவையில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலில் வாய்க்கால் வெட்ட மண்வாரி இயந்திரங்கள் இறங்கியபோது, ஊரில் எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று எண்ணியாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. வடலூர் கதையும் அதுவே. 1867-ல் தருமச்சாலை அமைக்கப் பார்வதிபுரத்தார் வள்ளலாருக்கு எழுதிக் கொடுத்தது 80 காணி நிலம். அந்தப் பெருவெளியில் 2024-ல் அரசு வள்ளலார் சர்வதேச மையத்துக்குக் குழி தோண்டியபோது பார்வதிபுரம் மக்கள் எதிர்த்துத் திரண்டார்கள். ‘மக்கள் விருப்பம்’ என்று அரசும் சொன்னது, எதிர்த்தவர்களும் சொன்னார்கள். எண்ணிப் பார்க்க வழியில்லாததால் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீதிமன்றம் தீர்க்கலாம், ஊர் என்ன நினைக்கிறது என்பதை அது எப்படித் தீர்க்கும்?

ஓட்டையே விலைக்கு வாங்கும் ஊரில் கையெழுத்து எம்மாத்திரம் என்பார்கள். நியாயமான அச்சம்தான். சுவிட்சர்லாந்திலும் இது நடந்தது. கூலிக்குக் கையெழுத்துத் திரட்டும் நிறுவனங்கள் போலிக் கையெழுத்தைச் சேர்த்ததாக 2024-ல் பெரிய சர்ச்சை எழுந்தது, கூட்டாட்சி அரசே குற்றப் புகார் கொடுத்திருந்தது. நெவ்ஷாத்தெல் மாநிலம் கூலிக்குத் திரட்டுவதையே தடை செய்திருக்கிறது. ஆனால் பட்டியலோடு ஒப்பிடும் விதி இருந்ததால்தான் இங்கே போலி போலியென்று தெரிந்தது. தவிர, கையெழுத்து எதையும் நிறைவேற்றுவதில்லை, வாக்கெடுப்புக்குக் கதவைத் திறப்பதோடு சரி. ரகசிய ஓட்டைச் சரிபார்க்க முடியாது. கையெழுத்தைப் போட்டவரின் வீட்டுக் கதவைத் தட்டியே கேட்கலாம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இதே முறையில்தான் 2009 நவம்பர் 29 அன்று மசூதிகளுக்குப் புதிய மினாரெட் கட்டக் கூடாது என்று இங்கே 57.5 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். கையெழுத்தெல்லாம் சரியாக இருந்தது, கேள்விதான் கேட்கத் தகாதது. குடியுரிமை இல்லாதவர் கூட்டாட்சி அளவில் கையெழுத்திடவும் முடியாது. மக்கள்தொகையில் நாலில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டவர். ஈழத்திலிருந்து வந்து வரி கட்டிப் பிள்ளை வளர்க்கும் பல தமிழர்களுக்கு யாருக்கும் கடமை விதிக்காத வெறும் விண்ணப்பம்தான் மிச்சம். இதை நான் பூசி மெழுக மாட்டேன். என்றாலும் உரிமைப் பாதுகாப்பில் இந்தியாவின் நிலைமை கொஞ்சம் மேல். கூட்டாட்சிச் சட்டத்தைச் செல்லாதென்று தள்ளும் அதிகாரம் சுவிஸ் நீதிமன்றத்துக்கு இல்லை, நம் நீதிமன்றங்களுக்கு உண்டு. அரசியல் சட்டத் திருத்தத்துக்குக்கூட 1973-ன் கேசவானந்த பாரதி தீர்ப்பு எல்லை போட்டிருக்கிறது. முன்மொழியும் உரிமையை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது நகராட்சியின் நிலம், நீர், கட்டடம், செலவு என்ற அளவில் நிறுத்தினால் ஒருவரின் வழிபாட்டில் கை வைக்க இடமிருக்காது.

ஆண்டுக்குச் சில நாள் கூடும் கிராம சபையும் 2021-ல் நகராட்சியான வடலூருக்கு இல்லை. ஒரு வார்டின் வாக்காளர்களில் இத்தனை பேர், இத்தனை நாளுக்குள், பட்டியலோடு ஒத்துவரும்படி கையெழுத்திட்டால் நகர்மன்றம் விஷயத்தை வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று ஒரு விதி எழுத டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. வார்டு வாரியான வாக்காளர் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் உள்ள துறை, சட்டமன்றமே செய்யலாம்.