அதியமான் பகிர்ந்த கள்... ராஜாஜி மூடிய கடை! தருமபுரி பனை சொல்லும் கதை

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் சில கிலோமீட்டரிலேயே வந்துவிடும் அதியமான்கோட்டை. காலபைரவரைக் கும்பிட்ட கையோடு பலரும் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நேரம் ஒதுக்கினால், தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் நினைவாக அமைந்த அதியமான் கோட்டத்தையும் பார்த்துவிடலாம்.

அதியமான் என்றதும் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனிதான் நினைவுக்கு வரும். அவன் கொடுத்தது கனி மட்டுமல்ல, கள்ளும்தான்! அவன் இறந்தபின் ஔவை பாடிய புறநானூற்றின் 235-வது பாடல் அதைச் சொல்கிறது. கொஞ்சமாகக் கிடைத்தால் பாணர்களுக்கே கொடுத்துவிடுவானாம். நிறையக் கிடைத்தால், அவர்கள் பாடப்பாடத் தானும் சேர்ந்து குடிப்பானாம்.

மதுவிலக்கு தொடங்கிய மண்

அதே மண்ணில்தான், 1937 அக்டோபர் 1 அன்று கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி, மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்று தருமபுரியும் அதற்குள்தான் இருந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் அந்த மாவட்டத்து ஊரே. கூலிப் பணம் வீடு வந்து சேராமல் கடையிலேயே கரைவதை, திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இருந்த காலத்திலிருந்தே அவர் எதிர்த்து வந்தார். மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையும் நடத்தினார்.

கடைகளை மூடியதால் அரசுக்கு வருமானம் குறைந்தது. அதை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. இன்று கடை பில்லில் நாம் கட்டும் வரிக்கும் அன்று மூடிய கள்ளுக்கடைக்கும் இப்படி ஓர் உறவு!

சுண்ணாம்புதான் எல்லை

பீர் தயாரிக்க பார்லியை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, ஈஸ்ட் சேர்த்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். தருமபுரியிலிருந்து வடக்கே, பெங்களூரில் உள்ள சின்னச் சின்ன பீர் ஆலைகளில் பளபளக்கும் தொட்டிகளில் நடப்பது இதுதான்.

பனைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் போதும். சொட்டும் இனிப்பு நீரில் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைபடும். அப்போது கிடைப்பது பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி.

மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுபவரும் ஒருவரே. ஆனால், சுண்ணாம்பு தடவிய கலயம் தொழில். தடவாத கலயம் குற்றம். 1987 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் கள்ளுக்குத் தடை இருக்கிறது. அரசே டாஸ்மாக் கடையில் பீரும் பிராந்தியும் விற்கும்போது கள்ளுக்கு மட்டும் ஏன் தடை என்று விவசாயிகள் கேட்கிறார்கள். எந்தப் பெயரில் வந்தாலும் போதை போதைதான் என்பது குடியால் நொந்த வீட்டுப் பெண்களின் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இதற்கு நடுவில், உயிரைப் பணயம் வைத்துப் பனையேறத் துணியும் இளைஞர்கள்தான் குறைந்துகொண்டே போகிறார்கள்.

எப்போது போகலாம்?

மாசி, பங்குனியில் தொடங்கிக் கோடை முழுக்கப் பதநீர்க் காலம். வெயில் ஏறுவதற்குள், காலையிலேயே குடித்துவிடுவது நல்லது. நேரமாகிப் புளித்த வாடை வந்தால் வாங்க வேண்டாம். தெளியவைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு வடிகட்டியதா என்று கேட்டு வாங்குங்கள். பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்தால், ஓலை வாசமும் சேர்ந்து ருசி கூடும். அப்படியே கருப்பட்டியும் வாங்குங்கள். அந்தக் காசில்தான் நாளைக்கும் ஒருவர் பனையேற வேண்டியிருக்கிறது.