பின்னால் வரும் பாரம்

அமெரிக்காவில் ஊர் மாறும் தமிழ்க் குடும்பங்களிடம் பெரும்பாலும் இரண்டு வண்டிகள் இருக்கும். வேலை டெக்சாஸிலிருந்து ஒரிகனுக்கு மாறிவிட்டால், கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வண்டியில் 2,000 மைல் ஓட்டுவதா, ஒன்றை லாரிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பதா என்று பேச்சு ஆரம்பிக்கும். இரண்டில் ஒன்று பிக்கப் டிரக்காக இருந்தால் இன்னொரு யோசனையும் வந்துவிடும். காரை டிரெய்லரில் ஏற்றி, டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாமே!

போகலாம். டாலஸிலிருந்து போர்ட்லாண்டுக்கு நான் அப்படித்தான் போனேன். ஆனால் இந்த யோசனை வந்தவுடன் எல்லோரும் கேட்பது, 'நம்ம டிரக் எவ்வளவு இழுக்கும்?' என்றுதான். அந்தக் கேள்விக்குக் கடைசி இடம் கொடுத்தால் போதும் என்பேன். இழுக்கும் பலம் இன்றைய எஞ்சின்களுக்குத் தாராளமாகவே இருக்கிறது. பாரத்தைத் தாங்குவதும், காற்றில் அலையாமல் வைத்திருப்பதும், இறக்கத்தில் பிடித்து நிறுத்துவதும்தான் உயிர் சம்பந்தப்பட்ட காரியங்கள்.

விளம்பரத்தில் வரும் இழுவை எண்ணைப் பொய் என்று சொல்ல வரவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி ஓர் எண்ணைச் சொல்லிவந்தது. 2008இல் எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு ஜே2807 என்னும் பொது விதிமுறையைக் கொண்டுவந்தது. டொயோட்டா அதை முதலில் ஏற்றது. மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைப் பக்கமிருந்து மலை ஏறும் 11.4 மைல் சாலைதான் அந்த விதியில் ஏற்றத்துக்கு அளவுகோல். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது, ஏசி முழுதாக ஓட வேண்டும், சாதாரண பிக்கப் என்றால் வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் டிரக்குக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டே பேர், தலா 150 பவுண்டு. பிள்ளைகளும் பெட்டிகளும் வெட் கிரைண்டரும் அதில் இல்லை.

அவையெல்லாம் வரும் கணக்கு வேறோர் இடத்தில் ஒட்டியிருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரே ஒரு வரி. என் டிரக்கில் அந்த எண் 1,620. டிரெய்லரின் மூக்கு, டிரக்கின் பின்னால் அதை மாட்டும் ஹிட்சின் மேல் அழுத்தும் எடையும் இந்த 1,620-க்குள்தான் அடங்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கார் 3,300 பவுண்டு, டிரெய்லர் 1,900, ஆக 5,200. இதில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு மூக்கில் இறங்க வேண்டும். நடுவாக 680 என்று வைத்துக்கொண்டேன். எடையை முன் சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் ஒரு 100. நாங்கள் மூன்று பேரும் துணிப் பெட்டிகளும் 520. டிரக்கின் பின்தொட்டியில் அடுக்கியிருந்த சாமான் 480. கூட்டினால் 1,780 வந்தது. ஒன்பதாயிரம் பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று சொல்லி விற்ற வண்டி, ஐயாயிரத்துச் சொச்சத்தைக் கட்டியதுமே வரம்பைத் தாண்டிவிட்டது. கிரைண்டரையும் புத்தகப் பெட்டிகளையும் இறக்கிப் பார்சல் லாரியில் அனுப்பினோம்.

அந்த மூக்கு எடைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மாட்டுவண்டி ஓட்டியவர்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். முன்பாரம் மிஞ்சினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிஞ்சினால் வண்டி மாட்டைத் தூக்கப் பார்க்கும். டிரெய்லரிலும் அதே கதைதான். மூக்கு பாரம் கூடினால் டிரக்கின் வால் தாழ்ந்து, முன் சக்கரங்களுக்குப் பிடி குறைந்து, ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. குறைந்தால் ஆபத்து இன்னும் பெரிது. டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், வேகம் ஏற ஏற ஆட்டமும் ஏறும். டிரக்கையே சாலைக்குக் குறுக்கே திருப்பிப் போடும் பலம் அதற்கு உண்டு.

பக்கத்து வீட்டு நண்பருடைய அப்பா அப்போது நாமக்கல்லிலிருந்து வந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். காரை ஏற்றும் அன்று காலையிலேயே வந்துவிட்டார். ஏற்றுவதற்கு முன் டிரக்கின் முன் சக்கரத்துக்கு மேலே மட்கார்டு வளைவுக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் டயரிலேயே எழுதிவைத்தார். காரை ஏற்றி மாட்டியபின் மறுபடி அளந்தார்.

"டிரக்கு மூக்கு எந்திரிச்சிருக்குதுங்க தம்பி. காரை நாலு விரக்கடை பின்னால தள்ளுங்க."

"கொஞ்சம்தானேங்க ஐயா?"

"இங்க கொஞ்சம்னா அங்க ரொம்பங்க."

தள்ளினோம். எடையைப் பகிரும் ஹிட்சின் கம்பிகளை ஒரு கண்ணி கூட்டி மாட்டினோம். முன் உயரம் ஏறக்குறைய பழைய கோட்டுக்கு வந்தது. அடுத்து டிரெய்லர் டயர்களின் பக்கம் குனிந்தார். அது விலைக்கு வாங்கிய பழைய டிரெய்லர். பட்டன் தேயாமல் புதிது போலத்தான் இருந்தது. ஆனால் டயரின் பக்கச் சுவரில் உற்பத்தித் தேதி நான்கு இலக்கமாக இருக்கும். 2315 என்று இருந்தால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். எங்களுடையவை ஏழு வயதைத் தாண்டியிருந்தன. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்றே அதிகம் கெடும். நான்கையும் மாற்றினோம். இந்தச் செலவில் கை இறுக்கம் வேண்டாம் என்று யாருக்கும் சொல்வேன்.

ஹிட்சின் இரும்புக் குண்டில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. 2 அங்குலக் குண்டும் உண்டு, 2 5/16 அங்குலக் குண்டும் உண்டு. பெரிய குண்டுக்கான கப்ளரை, அதாவது டிரெய்லர் மூக்கின் கவ்வியை, சின்னக் குண்டின் மேல் வைத்தாலும் கொக்கி விழுந்து பூட்டிக்கொண்டதுபோலவே தெரியும். முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். சோதிக்க எளிய வழி ஒன்று: பூட்டியபின் டிரெய்லரின் மூக்கு ஜாக்கியைச் சுற்றி உயர்த்த வேண்டும். டிரக்கின் வாலும் கூடவே எழுந்தால் பூட்டு பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் மூக்குக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையைக் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். அதற்கும் மேலே ஒரு மெல்லிய கம்பிவடம் டிரக்கோடு இணைந்திருக்கும். டிரெய்லர் முழுவதுமாகப் பிரிந்தால் அது ஒரு முளையை இழுத்துவிடும்; டிரெய்லர் தன் பேட்டரியைக் கொண்டு தானே பிரேக் போட்டுக்கொள்ளும். அந்த வடத்தைச் சங்கிலியில் கோத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து டிரக்கின் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள்.

காரின் நான்கு சக்கரங்களையும் பட்டைகளால் கட்டினாலும், ஓட ஓட அவை தளரும். முதல் இருபது மைலில் ஒருமுறை நிறுத்தி இறுக்கினேன். பிறகு டீசல் போடும் இடத்திலெல்லாம். அங்கேயே டிரெய்லர் சக்கரங்களின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தேன். மற்றதைவிட ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ தகராறு செய்கிறது என்று அர்த்தம். பெரிய டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கிறது. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்றையும் பிரித்துச் சீட்டு தருவார்கள். காகிதத்தில் போட்ட கணக்கை அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே, எல்க் மலை ஓரமாக, ஐ-80 சாலையில் அடிக்கும் காற்று பேர் போனது. பலமாக வீசும் நாட்களில் உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்குச் சாலையையே மூடிவிடுவார்கள். சாயங்காலக் காற்றைப் பார்த்துவிட்டு லாரமியிலேயே தங்கி, விடியற்காலையில் கிளம்பினோம். அப்படியும் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி எங்களைக் கடந்தபோது, அதன் முகம் தள்ளிய காற்று எங்களை ஓரத்துக்குத் தள்ளியது, அடுத்த நொடி அதன் பக்கமாக இழுத்தது. பின்னால் டிரெய்லர் ஒருமுறை ஆடியது. கால் தானாக பிரேக்கைத் தேடும். போடக் கூடாது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கவும் கூடாது, வேகம் கூட்டவும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, முழங்காலுக்குப் பக்கத்திலுள்ள டிரெய்லர் பிரேக் கண்ட்ரோலரின் விசையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடிக்கும். பின்னாலிருந்து யாரோ வாலைப் பிடித்து இழுத்து நேராக்கியதுபோல் இருந்தது. அதன்பின் 60 மைலுக்கு மேல் போகவில்லை. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குச் சட்டமே 55 மைல்தான்; நியாயமான சட்டம்.

ஒரிகனில் பெண்டில்டன் ஊருக்கு முன்னால் ஐ-84 சாலை கேபேஜ் ஹில் என்ற மலையிலிருந்து இறங்குகிறது. ஆறு மைலில் ஏறக்குறைய 2,000 அடி இறக்கம், நடுவே கொண்டை ஊசி வளைவுகள், பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று சரளைப் பாதைகள். நாமக்கல் பெரியவர் கொல்லிமலையின் 70 வளைவுகளில் வண்டி ஓட்டியவர். கிளம்பும்போது எனக்குச் சொல்லி அனுப்பியது இதுதான்: "ஏறும்போது என்ன கியரோ, எறங்கும்போதும் அதே கியருங்க தம்பி." மலைமேல் நிறுத்தி, பட்டைகளையும் சூட்டையும் பார்த்துவிட்டு, பாரம் இழுப்பதற்கென்று டிரக்கில் உள்ள டோ-ஹால் பொத்தானை அழுத்தி, இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்தேன். எஞ்சின் உறுமிக்கொண்டே பாரத்தைப் பிடித்து வைத்தது. வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கை அழுத்தமாகப் போட்டுக் குறைத்து, உடனே விட்டுவிட்டேன். காலை லேசாக வைத்துக்கொண்டே வந்தால் பிரேக் காய்ந்து, கடைசி வளைவில் பெடல் மட்டும் இறங்கும், வண்டி நிற்காது. கீழே வந்து நிறுத்தியபோது நான்கு சக்கரங்களும் ஒரே அளவில்தான் சூடாக இருந்தன.

டிரெய்லரே இல்லாமல் கம்பியை மாட்டி, காரை நான்கு சக்கரத்திலும் உருட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட முடிகிற ஜீப் ராங்ளருக்கு அது சரி. பல ஆட்டோமேட்டிக் கார்களில் எஞ்சின் ஓடினால்தான் கியர் பெட்டிக்குள் எண்ணெய் சுற்றும். நூறு மைல் உருட்டினால் பெட்டி வெந்துவிடும். காரின் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் அந்த வழிக்குப் போக வேண்டாம்.

இந்தக் கோடையில் ஊர் மாறப்போகும் நண்பர்களிடம் ஒன்றே கேட்கிறேன். டிரெய்லருக்குப் பணம் கட்டுவதற்கு முன் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படியுங்கள். உங்கள் ஆட்களையும் சாமானையும் மூக்கு எடையையும் கூட்டிப் பாருங்கள். கூடுதலாக வந்தால் சாமானைக் குறையுங்கள். குறைக்க வழியில்லை என்றால் காரை லாரியில் அனுப்பிவிடுங்கள்.