முகவரி

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகம் சேர்ந்தது. எங்கள் பாறசாலை கேரளத்தில் நின்றது. அன்று முதல் வாசலில் மலையாளம், அடுக்களையில் தமிழ்.

சென்ற கோடையில் என் மகன் நீர்மட்டம் அறியக் கிணற்றடியிலும் மேல்தொட்டியிலும் இரு ஆர்டுயினோ பலகைகளை அமைத்து, ஈதர்நெட் சில்லுகள் பொருத்தி, வடத்தால் வீட்டோடு இணைத்தான். தனித்தனியே பேசிய அவை, சேர்ந்தபோது தடுமாறின. மூன்று இரவுகள் வடத்தையே பழித்தேன்.

பிழை முகவரியில் இருந்தது. அச்சில்லுக்குப் பிறவி முகவரி கிடையாது. 48 பிட் எண்ணொன்றை நாமே நிரலில் எழுதவேண்டும். மாதிரி நிரலில் கண்ட எண்ணையே இரண்டிலும் வைத்திருந்தோம். ஓர் இலக்கத்தை மாற்றினோம்; இரண்டும் ஒருங்கே பேசின.

பேசும் முறை பொதுவாகலாம். முகவரி தனதாக வேண்டும்.

பள்ளியில் தமிழ் படியாத மகன், பலகைகளில் ஒட்டுவதற்குக் ‘கிணறு’, ‘தொட்டி’ என்று எழுதித் தரக் கேட்டான். எழுதவில்லை, அவன் கைபிடித்து எழுதுவித்தேன்.